குணம் அண்ணையின் கடனும் அமெரிக்காவின் கடனும்

1

போன கிழமை வேலை இடைவேளையில் என் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். கடித்த பாண்துண்டை மேசையில் வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு குரல் பதிவு வந்தது. பல் வைத்தியரிடம் எனக்கிருந்த டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், அடுத்த நாளுக்கு மாறியிருக்கிறதாம். அவ்வளவுதான். எதிரே இருந்த, என்னோடு வேலைசெய்யும் யுர்கன், "ஏன் உன் முகம் இப்படி வெளிறிப்போயிருக்கிறது?" என்று கேட்டான். பல்லென்றால் எனக்குப் பயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

குணம் அண்ணை இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். ஊரிலிருந்து கதைக்கும் நீங்கள் எல்லோரும் சுற்றிவளைத்து ஒன்றையேதான் கேட்கிறீர்கள். கூடப்பிறந்த அண்ணனை வேண்டாமென்று கோட்டில், நீதவானின் இடத்தில், எழுதிக் கொடுத்துவிட்டாயாமே, உண்மையா என்று. உண்மைதான். ஏன் அப்படிச் செய்தேன், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடிய கதையுமில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

என்னை ஜேர்மனிக்கு எடுத்தது குணம் அண்ணைதான். நான் கலியாணம் முடித்து வேலை தேடி ஹம் நகருக்கு வந்துவிட்டேன். இங்கே கம்பித் தொழிற்சாலையில் வேலை. அண்ணை ஸ்டுட்கார்ட்டிலேயே தங்கிவிட்டார். கலியாணம் செய்யவில்லை. சாமத்தியவீடு, கலியாணவீடு என்று எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில். வாடகைக்கு ஒரு சமையல்கூடம், சாமான் ஏற்ற ஒரு வான் வண்டி, கூடச் சமைக்க ராணி அக்கா. ராணி அக்கா புருசனை இழந்தவ, அறுபதை நெருங்குகிறவ. விடியவெள்ளன அலுவலகங்கள் துப்புரவாக்கிவிட்டு அண்ணையின் சமையலுக்கு வருவா. அண்ணையை அவ "தம்பி" என்று கூப்பிட்டால் என்னையும் கூப்பிடுவது போலவே இருக்கும்.

அண்ணை வானுக்குள் இருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த பிறகுதான் அவருக்குக் கடன் இருப்பது தெரிந்தது. வங்கியில், வான் எடுத்த இடத்தில், சமையல்கூடத்து வாடகையில். அதுபோக எங்கள் ஆட்களிடம் வாய்ச்சொல்லில் வாங்கியது. எவ்வளவென்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் முதல் பயம்.

இரண்டாவது பயத்தை யுர்கன் தந்தான். அவனுடைய தகப்பன் செத்தபோது அவன் பட்ட அனுபவம் அது. இந்த நாட்டுச் சட்டப்படி சொத்து மட்டுமல்ல, கடனும் உரிமைக்காரருக்கு வரும். வேண்டாமென்றால் ஆறு கிழமைக்குள் கோட்டில் போய் எழுதிக் கொடுக்கவேண்டும். பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். "அண்ணன் வீட்டிலிருந்து ஒன்றையும் எடுத்துவிடாதே. எடுத்தால் ஏற்றுக்கொண்டாய் என்று சொல்லிவிடுவார்கள்" என்றான்.

வீட்டு உரிமையாளர் கதவைத் திறந்துவிட, அண்ணையின் அறையில் போய் நின்றேன். சுவரில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் படம். அதற்கு வேறு பிரதி எங்களிடம் இல்லை. கைகள் இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை வெளியே எடுத்தால் அது படத்தைத் தொட்டுவிடும் என்று பயம். பெற்றோரின் படத்துக்கு முன்னால் களவெடுக்க வந்தவன்போல நின்றிருக்கிறேன். பிறகு அந்த அறையைத் துப்புரவாக்கியவர்கள் படத்தை எங்கே போட்டார்களோ, தெரியாது.

3

அடுத்த நாள் ஒருவர் தொலைபேசி எடுத்தார். மென்மையான குரல்.

"தம்பி, நான் பிராங்பேர்ட்டிலயிருந்து கதைக்கிறன். குணத்தாரின்ட காரியம் எல்லாம் வடிவா முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் ஆர் எண்டு..."

"பேர் என்னத்துக்குத் தம்பி. குணத்தாருக்கு ஸ்டுட்கார்ட்டில கனபேர் காசு குடுத்தவை. ரவி, ராணி அக்கா, இன்னும் கொஞ்சப் பேர். பாவங்கள். அவையின்ட பங்கு எல்லாத்தையும் நான் வாங்கியிட்டன். இனி நீங்கள் ஒவ்வொருத்தராக் கும்பிடத் தேவையில்லை. என்னோட மட்டும் கதைச்சால் காணும்."

"அண்ணை, எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"தெரியாமல் என்ன. ஊரில, கோப்பாயில, உங்கட தங்கச்சி தனியத்தானே இருக்கிறா? அவவின்ட மருமகனும் கட்டாரில எண்டு கேள்விப்பட்டன்."

உடம்பைக் கவனிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். என் மனைவி வதனி, "ஆரப்பா?" என்றாள்.

ரவிக்கு எடுத்தேன். அண்ணையின் கூட்டாளி. "ஓம், விலைப்பட்டது உண்மைதான்" என்றார். "இனி ஒரு சதமும் வராது எண்டு சொல்லிக் கால்வாசிக் காசு தந்தான். வாங்கிப்போட்டன். என்னை இதில இழுக்காதேங்கோ." தொடர்பு அறுந்தது.

4

அந்த நேரம் எங்கள் மகள் ஆரணி மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். சரித்திரமும் ஆங்கிலமும் படித்து ஆசிரியையாக வரப்போகிறவள். அடுத்த மாதம் வகுப்பில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். தலைப்பு, புதிதாகப் பிறந்த அமெரிக்காவின் கடன். அதன் தலைவர்கள் அந்தக் கடனுக்காகப் பிடித்த சண்டை.

நான் அவர்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. என் வாயில் சரியாக நுழையாத பெயர்கள். வேலையை வைத்தே சொல்கிறேன்.

பிராங்பேர்ட் ஆளின் கதையை நாங்கள் சொன்னதும் அவள் பேனையைக் கீழே வைத்தாள். "அப்பா, இது அப்பிடியே அதுதான்" என்றாள்.

"எது?"

"இங்கிலாந்தோட சண்டை பிடிச்ச படைவீரருக்குக் குடுக்கக் காசில்லை. கடன்பத்திரம் குடுத்தவை. அவை பசியில அதைக் கால்விலை, அரைவிலைக்கு வித்துப்போட்டினம். அரசாங்கம் முழுக் காசும் குடுக்கப்போகுது எண்டு கதை அடிபட்டதும், நகரத்தில இருந்த பணக்காரர் குதிரையிலயும் கப்பலிலயும் ஆக்களை அனுப்பி, செய்தி போய்ச் சேராத ஊர்களில இருந்த மிச்சத்தையும் வாங்கிப்போட்டினம்."

வதனி கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றவள் திரும்பினாள். "பிறகு ஆருக்குக் காசு குடுத்தது?"

"அதிலதான் அம்மா சண்டை. முதலாவது நிதியமைச்சர் சொன்னார், பத்திரம் இப்ப ஆரின்ட கையில இருக்கோ அவருக்குத்தான் முழுசாக் குடுக்கவேணும் எண்டு. மாநிலங்களின்ட கடனையும் மத்திய அரசே பொறுக்கவேணும் எண்டு. வாங்கினதை ஒழுங்காக் கட்டினால்தான் உலகம் எங்களை நம்பும், அளவான கடன் எங்களை ஒண்டாக் கட்டி வைக்கும் எண்டார்."

அந்த அமைச்சர் தாய் தகப்பன் இல்லாமல் ஒரு தீவிலிருந்து வந்து குடியேறியவராம். அதைக் கேட்டதும் எனக்கு அவரை விளங்கியது. வந்தேறியவனுக்கு நிலம் கிடையாது, சொந்தம் கிடையாது. வாக்குத் தவறாதவன் என்ற பெயர் ஒன்றுதான் அவனுடைய சொத்து. குணம் அண்ணையும் அதை நம்பித்தான் கடன் வாங்கிக் கடன் அடைத்திருக்கிறார்.

"அரசியல் சாசனத்தை எழுதுறதில முன்னுக்கு நிண்ட ஒருத்தர் அவரோட முதலில சிநேகிதம். அவர் குறுக்க வந்தார். வாங்கினவனுக்குச் சந்தை விலையைக் குடுங்கோ, மிச்சத்தை முதல் கடன் குடுத்த படைவீரனுக்குக் குடுங்கோ எண்டார். ஒருத்தரும் கேக்கேல்லை. தோத்துப்போனார்."

"மற்ற ஆக்கள்?"

"சுதந்திரப் பிரகடனத்தை எழுதினவர் இருக்கிறார். அவர் சொன்னார், பூமி உயிரோட இருக்கிற ஆக்களுக்குத்தான் சொந்தம். ஒரு தலைமுறை தன்ர கடனை அடுத்த தலைமுறையின்ட தலையில ஏத்த ஏலாது. செத்தவை உயிரோட இருக்கிறவையைக் கட்டி வைக்க ஏலாது எண்டு. பிறகு அவரே ஒரு விருந்து வைச்சு, தலைநகரைத் தங்கட பக்கத்தில கட்டுறதெண்டால் சரியெண்டு நிதியமைச்சருக்கு விட்டுக்குடுத்தவர். கடைசிவரைக்கும் அதுக்காகக் கவலைப்பட்டவர்."

அந்த மனிதருக்கு அவருடைய மாமனார் செத்தபோது காணியோடு சேர்த்து மாமனாரின் கடனும் மனைவி வழியாக வந்ததாம். சீதனத்தில் கடன்! வதனி அத்தனை பயத்துக்குள்ளும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. செத்தவரின் கடனுக்குப் பயந்த ஒரு மனிதனை, கடல் கடந்து, காலம் கடந்து கண்டுபிடித்ததுபோல் இருந்தது. "அவர் சொன்னதுதான் சரி" என்றேன். "நாளைக்கே கோட்டுக்குப் போவம்."

"நீங்கள் வேண்டாமெண்டு எழுதிக் குடுத்தால் அது எங்களுக்கு வரும், தெரியுமோ?" என்றாள் ஆரணி. "எனக்கும் தம்பிக்கும். தம்பிக்கு நீங்களும் அம்மாவும் கையெழுத்து வைக்கலாம். நான் வளர்ந்த ஆள். என்ர கையெழுத்தை நான்தான் வைக்கவேணும்."

"வை."

"எனக்கு யோசிக்கவேணும்."

"இதில என்ன யோசினை?"

"எல்லாரும் கையெழுத்து வைச்சிட்டுப் போனால் ராணி அக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது, அப்பா?"

நான் கத்திவிட்டேன். அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். என் கையைத் தட்டிவிட்டு அண்ணையின் கடன் அவளைப் பிடித்துக்கொண்டது போல் இருந்தது.

5

கோட்டில் எங்களுக்கு வாய்த்த அலுவலர் நல்ல மனுசி. எனக்கு வாய் குழறியது. கடன் என்பதற்கும் குற்றம் என்பதற்கும் ஜேர்மன் மொழியில் ஏறக்குறைய ஒரே சொல். ஷுல்ட் என்றால் குற்றம், ஷுல்டன் என்றால் கடன். 'எனக்குக் கடன் ஒன்றும் இல்லை' என்று சொல்ல நினைத்து, "என்மேல் குற்றம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள்மேல் குற்றமென்று யாரும் சொல்லவில்லையே" என்றார் மெதுவாக. அண்ணை செத்த பிறகு அப்படி என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் கையெழுத்து வைத்தேன். நானும் வதனியும் மகனுக்காகவும் வைத்தோம். ஆரணி வரவில்லை.

மகன் கவின் பதினைந்து வயதுக்காரன். எங்களோடு ஜேர்மன் மொழியில்தான் கதைப்பான். தமிழில் கேட்டால் தோளைக் குலுக்குவான். அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "ரெயில்வே ஸ்டேசனில் ஒரு தமிழ் அங்கிள் நின்றார். குணம் பெரியப்பாவின் ஆள் நான்தானே என்று கேட்டார். சாப்பிட டோனர் பாண் வாங்கித் தந்தார்" என்று ஜேர்மனில் சொன்னான்.

வதனி அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "வேற என்ன கேட்டவர்? வேற என்ன?"

"ஒன்றுமில்லை, அம்மா. என் வகுப்பு எப்போது முடியும் என்று கேட்டார். நல்ல மனிதர்." எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவனுடைய முகமும் மாறிவிட்டது.

பொலிசுக்குப் போனோம். ஊரைவிட்டு வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், பொலிஸ் நிலையப் படி ஏறும்போது என் கை தானாக அடையாள அட்டையைத் தேடுகிறது. ஓர் இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பெயர் தெரியாது. இலக்கம் மறைக்கப்பட்டிருக்கிறது. மிரட்டியதாக ஒரு சொல்கூட இல்லை. பையனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கிறார். "அது குற்றமில்லையே" என்றார் அவர். மறுபடியும் அந்தச் சொல்.

அடுத்த நாள் காலை ஆரணி தானாகவே கோட்டுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். "தம்பிக்காக" என்றாள். நான் வெல்லவேண்டும் என்று நினைத்த வாக்குவாதம். இப்படி வென்றதில் எனக்குச் சந்தோசம் வரவில்லை.

அந்த ஆள் மறுபடி எடுத்தபோது நேரே சந்திப்போம் என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்துவிடுவாரோ என்ற பயத்தில் சொன்னது. ஸ்டேசனில் இருக்கும் பேக்கரி, மத்தியான நேரம், சுற்றிவர ஆட்கள். வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் ஆரணி கூட வந்தாள். அவர் எழுந்து நின்று எங்களை வரவேற்றார். நரைத்த மீசை, நல்ல குளிர்கோட்டு. எங்கள் கோவிலில் கண்டால் நானே நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பேன்.

"அண்ணை, நாங்கள் கோட்டில எழுதிக் குடுத்தாச்சு. எங்களுக்கும் அந்தக் கடனுக்கும் தொடர்பில்லை" என்றேன்.

"தம்பி, கோட்டு வெள்ளைக்காரனுக்கு. நான் கதைக்கிறது குணத்தாரின்ட மரியாதையைப் பற்றி."

ஆரணி இடையில் கேட்டாள். "மாமா, ராணி அக்காட்ட என்ன விலைக்கு வாங்கினனீங்கள்?"

அவர் சிரித்தார். "பிள்ளை வாத்தியாராகப் போறாவாம் எண்டு கேள்விப்பட்டனான். மூன்ஸ்டரில தனிய அறை எடுத்தோ இருக்கிறா?"

அவளுடைய கையைப் பிடித்தேன். என்னுடையதைவிடக் குளிர்ந்திருந்தது. ஆனால் அவள் கண்ணை எடுக்கவில்லை. "நான் தரமாட்டன் அண்ணை" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியாது. "ஒரு சதமும் தரமாட்டன்."

அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். எங்களுடைய கோப்பிக்கும் சேர்த்துக் காசைக் கட்டினார். "யோசியுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

6

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு கவினைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தேன். அவன் நண்பர்களுக்கு முன்னால் என்னைத் தெரியாதவன்போல எட்ட நடப்பான். ஆரணியின் அறைக்கு இரண்டாவது பூட்டுப் போட்டோம். கோப்பாயில் தங்கச்சி வீட்டு வாசல் படலையில் மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து நின்று, என் பெயரைச் சொல்லிச் சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் மகளின் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மறுபடியும் பொலிசுக்குப் போனேன். இந்த முறை எழுதி எடுத்தார்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் எல்லாம் நின்றுவிட்டது. ஏன் நின்றதென்று எனக்குத் தெரியாது. பொலிஸ் பிராங்பேர்ட்டில் யாரையாவது கண்டுபிடித்ததோ, அவருக்கு வேறு ஆள் கிடைத்ததோ. நின்ற பயத்தை நம்புவது எப்படியென்று இன்னும் பிடிபடவில்லை.

ஆரணி உரையை நிகழ்த்திவிட்டாள். அதற்கு முதல்நாள் தொலைபேசியில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். முடிவு புதிதாக இருந்தது. செத்தவர்கள் உயிரோடு இருப்பவர்களைக் கட்டி வைக்க ஏலாது என்று எழுதிய மனிதர், பெருங்கடனோடு செத்தாராம். அந்தக் கடனை அடைக்க, அவருடைய தோட்டத்தில் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களை ஏலத்தில் விற்றார்களாம். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாக.

"நிதியமைச்சர்?" என்று கேட்டேன்.

"அவரும் கடனோடதான் செத்தவர். சிநேகிதர் காசு சேர்த்துக் கட்டினவை."

நான் பிடித்துக்கொண்டு நின்றதோ, தோட்டத்து மனிதர்களை விற்கவிட்டுச் செத்த அந்த மற்ற மனிதரை.

"அப்பா, கடன் வாங்காத ஆக்கள்தான் கடைசியில கட்டியிருக்கினம்" என்றாள். "ராணி அக்காவுக்கு நாங்கள் நேரா ஏதாவது குடுப்பம். கடனெண்டு இல்லை. எங்கட விருப்பத்தில."

அதற்கும் பயந்தேன். கொடுத்தால் கடனை ஏற்றதாகிவிடுமோ, அந்த ஆளுக்குத் தெரிந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். ஆரணி பகுதிநேர வேலைக்காசில் சேர்த்தாள். வதனி சேர்த்தாள். கடைசியில் நானும் சேர்த்தேன். ஆண்டுத் திவசத்துக்கு முந்தின சனிக்கிழமை நானும் ஆரணியும் ரெயிலேறி ஸ்டுட்கார்ட்டுக்குப் போனோம்.

ராணி அக்காவின் வீடு மாடியில். மணியை அடித்தோம். உள்ளே காலடிச் சத்தம் கேட்டு நின்றது. மறுபடியும் அடித்தேன். "அக்கா, நான்தான். குணம் அண்ணையின்ட தம்பி" என்றேன்.

கதவு சங்கிலியின் நீளத்துக்குத் திறந்தது. இடுக்கில் அவவின் பாதி முகம்.

"தம்பி, நான்தான் எல்லாம் எழுதிக் குடுத்திட்டனே" என்றா. குரல் கெஞ்சியது. "இனி ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு சொல்லிக் கையெழுத்தும் வைச்சனான். நீங்கள் அனுப்பின ஆளிட்டையே குடுத்தனான். பிறகும் ஏன் வந்தனீங்கள்?"

"நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை அக்கா."

"நீங்கள்தான் அனுப்பினதெண்டு சொன்னவர். குணத்தின்ட தம்பி பொல்லாதவன், காசு கேட்டால் பொலிசில குடுப்பான், வேலையும் போகும் எண்டு. தந்த காசை வாங்கிக்கொண்டு நான் பேசாமல் இருக்கிறன் தம்பி. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

ஒரு வருடமாக அவ என் பெயரைக் கேட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறா. நான் ஒரு காலடி முன்னால் வைத்தேன். கதவு இன்னும் ஒடுங்கியது. பின்னால் வந்து, கைகள் இரண்டும் தெரிய நின்றேன். என்ன சொன்னாலும் அது அந்த ஆள் சொன்னதுபோலத்தான் கேட்கும் என்று பட்டது.

"பிள்ளையோட கதையுங்கோ அக்கா. நான் கீழ நிக்கிறன்" என்றேன்.

தெருவில் நின்றேன். எதிரே ஒரு கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு இரண்டு தரம் போய் வந்தார். மேலே யன்னல் திரை கொஞ்சம் விலகி மறுபடியும் மூடியது. கன நேரத்துக்குப் பிறகு ஆரணி இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. கை வெறுமையாக இருந்தது.

"வாங்கினவாவோ?"

"ஓம்."

"என்னை மேல வரச் சொன்னவாவோ?"

அவள் என் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு ஸ்டேசன் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"இன்னும் இல்லை, அப்பா" என்றாள்.